சுழற்கேடயங்கள் வந்த வழி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அக்கா, நீங்க சரித்திர டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நம்ம பிள்ளைங்க வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய் ஜெயிச்சு வந்த வரலாற்றை நீங்கதான் எழுதித் தரணும்" என்று ஒரு தங்கை கேட்டாள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. சரியென்று ஒப்புக்கொண்டு, பரணிலிருந்த பழைய ஆண்டு மலர்களையும் என்னுடைய நாட்குறிப்புகளையும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மலர்களில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, கட்டுரையில் இரண்டாம் பரிசு, வினாடி வினாவில் சுழற்கேடயம் என்று பெயரும் வகுப்பும் ஊரும் அச்சாகியிருக்கின்றன. நாட்குறிப்பைத் திறந்ததும்தான் சங்கடம். எந்தத் தலைப்பில் பேசினேன், என்ன பேசினேன் என்பதைப் பாதி நாட்களில் எழுதவே இல்லை. எழுதியிருப்பதெல்லாம் இப்படித்தான்: "நாலு மணிக்கு எழுந்தேன். ஐந்தே கால் பஸ். பாவூர்சத்திரம் தாண்டி பஞ்சர். தலைவலி." "சீட்டில் 31-ஆம் நம்பர் வந்தது. கடைசி பஸ் போய்விட்டது." "நாளைக்கு டெஸ்ட். ஒன்றும் படிக்கவில்லை." 1985 ஜூனிலிருந்து 86 மார்ச் வரை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பயணங்கள். அதில் பரிசு வந்தது ஐந்துக்குத்தான்.

ஆகவே தோழியரே, பரிசுப் பட்டியலை மலர்களிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது அந்தக் கேடயங்கள் வந்து சேர்ந்த வழியைப் பற்றி. அந்த வழியில் போய்ப் போய் வந்ததில் நமக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி.

முதலில் நாம் இருக்கிற இடம். "குற்றாலத்திலா படிச்சீங்க, கொடுத்து வச்சவங்க" என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அருவியும் சாரலும் உண்மைதான். ஆனால் குற்றாலத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தென்காசிக்கு வந்தால்தான் ரயில். தென்காசியிலிருந்து திருநெல்வேலி, ரோட்டு வழியே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயில் வழியோ அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று சுற்றிக்கொண்டு 72 கிலோமீட்டர். மதுரை, கடையநல்லூர், புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக 160 கிலோமீட்டர் அளவில். சென்னை அறுநூறுக்கு மேல். மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். ஆக நமக்கு எந்தப் போட்டியானாலும் கிழக்கே போக வேண்டும், இல்லாவிட்டால் வடக்கே போக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த நாட்களில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக்கொண்டு இங்கே வந்தார்கள். தமிழ் பேசவும் கேட்கவும் பெரிய பெரிய ஆட்கள் குற்றாலத்துக்குப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய காலம் அது. டி.கே.சி. 1954-ல் காலமானார். பத்து வருஷம் கழித்து நம் கல்லூரி வந்தது. அதிலிருந்து தமிழ் பேசுவதற்காகக் குற்றாலத்திலிருந்து நாம் வெளியே போக ஆரம்பித்தோம்!

நம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கிய 1964-ல் தென்கோடிக் கல்லூரிகளுக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1978-ல் அதற்குக் காமராசர் பெயர் சேர்ந்தது. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் வளாகம் நம் தென்காசி ரோட்டிலேயே, அபிஷேகப்பட்டியில். சரித்திரம் படிக்கிற தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் பல்கலைக்கழகம் சென்னையிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து அபிஷேகப்பட்டிக்கும் நம்மைப் பார்த்து நடந்து வந்திருக்கிறது. இறுதிச் சுற்றுகள் பெரும்பாலும் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில்தான் நடக்கும் என்பதால், ஒரு மாணவி எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதையே அது தீர்மானித்தது. எங்கள் அணிக்கு மதுரை. எங்களுக்குப் பத்து வருஷம் பின்னால் படித்தவர்களுக்கு ஒன்றேகால் மணி நேர பஸ்.

நடுவிலே பாளையங்கோட்டை இருக்கிறது. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய ஊர். தூய யோவான் கல்லூரி 1878-லும் தூய சவேரியார் கல்லூரி 1923-லும் வந்தவை. பெண்களுக்கென்று சாரா தக்கர் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளோடுதான் நாங்கள் மோத வேண்டும். திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் ஏழு மணிக்கு எழுந்து, வீட்டில் இட்லி சாப்பிட்டு, தலை வாரிப் பூ வைத்து, பொடிநடையாகவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் உள்ளே நுழையும்போது எங்களுக்கு அன்றைய நாளில் ஆறு மணி நேரம் கழிந்திருக்கும். நடுவர் தாளில் கருத்து, குரல் வளம், உச்சரிப்பு, மெய்ப்பாடு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். வந்த தூரத்துக்குக் கட்டம் கிடையாது.

பயணம் முந்தின நாளே ஆரம்பித்துவிடும். தலைப்பு கொடுத்திருந்தால் மனப்பாடம். கொடுக்காவிட்டால் எதற்கும் இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். அனுமதிக் கடிதத்தோடு ஒருத்தி அலைய, மூன்று பேருடைய தாவணிக்கும் ஒருத்தி இஸ்திரி போடுவாள். எங்கள் ஹாஸ்டல் அறையில் அலாரம் வைக்கிற டைம்பீஸ் ஒன்றே ஒன்று. அது அடிக்குமோ அடிக்காதோ என்ற பயத்தில் யாரும் தூங்கியதே இல்லை. கார்த்திகை மாத இருட்டில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியது நினைவிருக்கிறதா? சீசன் நாளானால் இன்னும் மோசம். ஊரெல்லாம் குளிக்க வருகிற நேரத்தில் நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் இடம் தேடிக்கொண்டு நிற்போம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்றடித்துத் தொண்டை கட்டிவிடும். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் குமட்டும். பேசப் போகிறவளுக்குத் தொண்டைதானே ஆயுதம்! வாயில் பனங்கற்கண்டும் மிளகும், கையில் மோந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம், கழுத்தைச் சுற்றித் துண்டு. இந்தக் கோலத்தில் உதட்டை அசைத்துக்கொண்டு பேச்சை ஒப்பித்தபடி வருகிற பிள்ளைகளைப் பார்த்து, "என்ன தாயி, மந்திரம் சொல்லுதியளா?" என்று கேட்ட கண்டக்டர் உண்டு.

ரயில் வாகாக இருக்குமே என்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை 1904-லேயே மீட்டர்கேஜ் பாதை முழுமையாகிவிட்டது. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-ல் வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய பாக்கியம். ஆனால் எண்பதுகளில் அந்தப் பாதையில் கரி எஞ்சின் இழுக்கிற வண்டியில் ஏறினால், இறங்கும்போது வெள்ளைத் தாவணி சாம்பல் தாவணியாகியிருக்கும். கண்ணில் கரித்தூள் விழுந்து, ஒரு கண் சிவந்த நிலையிலேயே மேடையேறி "அவையோர்க்கு வணக்கம்" சொன்னவள் நான்.

இது பெண்கள் மலர் என்பதால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுகளில் பெண்கள் கால் வைக்கிற மாதிரி கழிப்பறை அப்போது அபூர்வம். அதனால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் தண்ணீரில்லாமல் போய், அந்தக் காய்ந்த தொண்டையோடுதான் குரல் வளத்துக்கு மதிப்பெண் வாங்க வேண்டும். மாதத்தில் அந்த மூன்று நாட்களில் போட்டி வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். "உடம்பு சரியில்லை, வரலை" என்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நானே பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். ஒன்றாம் நம்பர் வந்தால் மூச்சு வாங்கிக்கொண்டே பேச வேண்டும். முப்பதாம் நம்பர் வந்தால் கடைசி பஸ் போய்விடும். பத்திலிருந்து பதினைந்துக்குள் வர வேண்டுமென்று குற்றாலநாதருக்கு நேர்ந்துகொண்டவர்கள் நம்மில் உண்டு. பேசி முடித்தால் தீர்ந்ததா? முடிவு மாலையில் நிறைவு விழாவில்தான் அறிவிப்பார்கள். சிறப்பு விருந்தினர் ஐந்து மணி என்றால் ஆறரைக்கு வருவார். வந்து மாணவர்கள் நேரத்தை மதிப்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். நாங்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நம்மோடு வந்த ஆசிரியைகளின் பாட்டையும் சொல்ல வேண்டும். வீட்டில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். மூன்று வயசுப்பெண்களை ஊர் விட்டு ஊர் கூட்டிப் போய்ச் சேதாரமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பு அவர்கள் தலையில். நாங்கள் ஜெயித்தால் எங்கள் பெயர். ஏதாவது ஆகியிருந்தால் அவர்கள் பெயர்.

மாணவர் போட்டிகளுக்காக இப்படி ஊர் ஊராகப் போவது நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பின் பெரிதாக வளர்ந்த வழக்கம். 1954-ல் டெல்லியில் தல்கத்தோரா பூங்காவில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முதல் இளைஞர் விழா நடந்தது. நாலா திசையிலிருந்தும் பிள்ளைகள் வந்து பழக வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். என் சிநேகிதிகளில் பாதிப் பேர் வெளியூர்ப் போட்டிகளில் கிடைத்தவர்கள். ஆனால் போட்டியில் ஒரு பொல்லாத கணக்கு இருக்கிறது. தோற்றவள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். ஜெயித்தவள் அடுத்த வாரம் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். கல்லூரி அளவில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மதுரை. "நல்லாப் பேசுதாளே, இதுக்கும் அனுப்புவோம்" என்று பாரதி விழா, கம்பன் விழா, முத்தமிழ் விழா எல்லாவற்றுக்கும் அதே மூன்று பேர். ஓ.டி. கிடைக்கும். 75 சதவீத வருகைக்கு அது ஈடாகும். ஆனால் விட்டுப்போன பாடத்துக்கு ஈடாகாது.

இனி, மலர்களில் இல்லாத ஒரு விஷயம்.

எங்கள் அணியில் சுரண்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தி படித்தாள். அவள் பெயரைப் போட வேண்டாமென்று சொல்லிவிட்டாள். நாங்கள் அவளை "மைக்" என்போம், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்பதால். என்னைவிடப் பல மடங்கு நல்ல பேச்சாளி. எழுதி வைத்துப் பேச மாட்டாள். தலைப்பைக் கேட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாள், பிறகு நிறுத்தாமல் பேசுவாள். அவளுடைய அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசைக் கைக்குட்டையில் முடிந்து வழிச்செலவுக்குக் கொடுத்துவிடுவார்.

1986 பிப்ரவரியில் மதுரையில் ஒரு போட்டி. அவளுக்குச் சீட்டில் 27. முடிவு அறிவிக்க இருட்டிவிட்டது. முதல் பரிசும் சுழற்கேடயமும் அவளுக்கே. நேரில் வாங்கினால்தான் உண்டு என்றார்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தால் தென்காசி பஸ் போய்விட்டது. ராஜபாளையம் வரை ஒரு பஸ் கிடைத்தது. அதற்குப்பிறகு விடியற்காலம்தான் என்றார்கள். மூன்று பெண்களும் ஒரு ஆசிரியையும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கேடயத்தைப் பழைய பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மேடம் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கண்ணசரவே இல்லை. கொசு பிடுங்கியது. எங்களுக்கு அது ஒரு விதத்தில் தமாஷாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தோம். கிராமத்துக்குத் தகவல் சொல்லப் போன் கிடையாது.

காலையில் தென்காசியில் இறங்கும்போது அவளுடைய அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே நிற்கிறார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். மதுரையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தாராம். மேடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். "சரிங்க டீச்சரம்மா, நல்லபடியா வந்து சேந்தியளே" என்று மட்டும் சொன்னார். மகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பத்து மணிக்கு எங்களுக்கு டெஸ்ட். நான் எழுதினேன், பாதித் தாள் வெறுமையாக. அவள் வரவில்லை.

அதற்கப்புறம் அவள் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. "தொண்டை சரியில்லை மேடம்" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். "ராத்திரி பூரா பிள்ளை எங்க இருந்தா?" என்று ஊரில் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அப்பாதான் தடுத்துவிட்டார் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். அவரைத் திட்டவும் செய்தோம்.

சுழற்கேடயம் ஒரு வருஷத்துக்குத்தானே. 1987 பிப்ரவரியில் அதைத் திருப்பிக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவள் வர மாட்டேன் என்றதால் நான் தூக்கிக்கொண்டு போனேன். தேக்குப் பலகையில் பித்தளைத் தகடு அடித்து, ஒரு சின்னக் கதவு அளவுக்கு இருக்கும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "இது பரிசு அண்ணே" என்றேன். "பரிசுன்னா கனம் இல்லையாம்மா?" என்றார். கொடுத்துவிட்டேன். மடியில் கேடயம், கேடயத்தின் மேல் "மைக்" எனக்குக் கொடுத்த நோட்டு. போட்டிக்கு அவள் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை எல்லாம் அதில் எழுதித் தந்திருந்தாள். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் அன்றைக்குப் பேசினேன். கேடயம் அதே பஸ் வழியில் என்னோடு திரும்பி வந்தது, மறுபடியும் லக்கேஜ் டிக்கெட்டோடு. அந்த வருஷ மலரில் என் பெயர் இருக்கிறது.

படித்து முடித்து நானும் ஆசிரியை ஆனேன். பிள்ளைகளைக் கூட்டிப் போகிற முறை எனக்கு வந்தது. அப்போதுதான் அந்த அப்பாவின் கண்ணும் அந்த மேடத்தின் கைப்பையும் எனக்குப் புரிந்தன. 1995-லும் 97-லும் தென்மாவட்டங்களில் கலவரம் நடந்த நாட்களில் பஸ் எப்போது ஓடும், எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. பஸ்ஸின் பெயரே சண்டைக்குக் காரணமான காலம். 1974-லிருந்து நமக்குப் பழகிய கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகப் பெயரும், மற்ற மாவட்டங்களின் தலைவர்கள் பெயர்களும் 1997-ல் நீக்கப்பட்டன. அந்த நாட்களில் ஒரு பயணத்தை நான் ரத்து செய்தேன். ஆறு மாதம் தயார் செய்த பிள்ளை அழுதாள். நான் மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது சரிதான் என்றே நினைக்கிறேன்.

ஒரு விதியும் வைத்திருந்தேன். முடிவு அறிவித்தாலும் சரி, அறிவிக்காவிட்டாலும் சரி, நாலரை மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். இதனால் சில பரிசுகள் போயின. ஓர் ஊரில், "நேரில் நிற்காதவர்களுக்குப் பரிசு கிடையாது, அடுத்த இடத்துக்குக் கொடுத்துவிட்டோம்" என்று கடிதமே போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கெட்ட பேர். ஆனால் என்னோடு வந்த ஒரு பிள்ளையும் பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்காரவில்லை.

வெளி உலகத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டதும் ஆசிரியை ஆன பிறகுதான். சர்வதேசக் கணித ஒலிம்பியாட் 1959-ல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியப் பிள்ளைகள் 1989-லிருந்து போகிறார்கள். 1996-ல் மும்பையிலேயே நடந்தது. அங்கே பிள்ளைகள் தேர்வுக்கு முன்பே வந்து இறங்கி, தங்கி, தொடக்க விழாவெல்லாம் முடிந்து, தூங்கி எழுந்து அப்புறம்தான் கேள்வித்தாளைப் பார்க்கிறார்கள். தேர்வும் இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம். வருகிறவள் களைத்திருப்பாள் என்பதை நடத்துகிறவர்களே யோசித்து வைத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் முந்தின நாள் ராத்திரி தங்க இடம் கொடுத்த கல்லூரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு பழைய வகுப்பறையும் நாலு பாயும் போதும். பெரிய செலவில்லை. தூரத்துப் பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லாமல் நடு நம்பர் கொடுத்தால் அதற்குச் செலவே இல்லை.

இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. விருதுநகர் வழி அகலப்பாதையாகிப் பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னைக்கு ஓடுகிறது. திருநெல்வேலி–தென்காசிப் பாதையும் 2012-ல் அகலப்பாதை ஆயிற்று. 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாயிற்று. பல்கலைக்கழகம் நடந்து வந்த மாதிரியே மாவட்டத் தலைநகரும் நம்மூருக்கு வந்து சேர்ந்துவிட்டது. தமிழ் வளர்ச்சித் துறையின் மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டிக்கு இன்றைய தங்கை தென்காசிக்குப் போனால் போதும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. கைக்குட்டையில் முடிந்த காசை நினைத்துக்கொண்டேன்.

கொரோனா வந்த 2020-லும் 21-லும் போட்டிகள் செல்போனுக்குள் போய்விட்டன. பயணமே இல்லை, இனி நிம்மதி என்று நினைத்தேன். மேலகரத்தில் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, டவர் கிடைக்காமல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, சாரலில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாகப் பேசினாள். நாலாம் நிமிஷம் இணைப்பு அறுந்துவிட்டது.

இப்போது படிக்கிற தங்கை ஒருத்தியிடம் கேட்டேன். கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் ராத்திரி பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறார்களாம். "நான் பஸ்ல தூங்கிருவேன் ஆன்ட்டி. அப்பாதான் தூங்க மாட்டாங்க. லொகேஷன் போட்டு விட்டுருவேன், விடிய விடிய அந்தப் புள்ளி நகருதான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள். மறுநாள் டெஸ்ட் இருக்குமா என்று கேட்டேன். "அது எப்பவும் இருக்கும்" என்றாள்.

இந்தக் கட்டுரைக்காகவே போன மாதம் சுரண்டைக்குப் போய் "மைக்"கைப் பார்த்தேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. பேரனைக் கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கிறது. காப்பி குடித்துக்கொண்டே, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "ஏட்டி, அன்னைக்கு உங்க அப்பா என்னதான் சொன்னாங்க? போகக் கூடாதுன்னாங்களா?"

"அப்பா ஒண்ணுமே சொல்லல" என்றாள். "வீட்டுக்கு வந்து செருப்பைக் கழத்தினாங்க. ராத்திரி பூரா நின்னு ரெண்டு காலும் வீங்கிப் போயிருந்துச்சு. அம்மா வெந்நி வச்சு ஊத்துனா. அப்பவும் ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா சண்டை போட்டுட்டு அடுத்த வாரமே கிளம்பியிருப்பேன். அந்தக் காலைப் பாத்த பெறகு எனக்குப் போகத் தோணல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே, "ஆனா பேசுறது பிடிக்கும்டி எனக்கு. மேடையில நிக்க அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே! அதுக்கு முந்தின நாளும் அடுத்த நாளும்தான் முடியல" என்றாள்.

நான் அந்த நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். முப்பத்தெட்டு வருஷமாக என்னிடம் இருந்த நோட்டு. புரட்டிப் பார்த்துவிட்டு, "என் கையெழுத்து இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்று சிரித்தாள். நம் ஒன்றுகூடலுக்கு அவளைக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறேன். மேடையில் ஐந்து நிமிஷம் அவளுக்கு ஒதுக்க வேண்டுமென்று விழாக் குழுவிடமும் சொல்லிவிட்டேன். தலைப்பு அவள் இஷ்டம். சீட்டெல்லாம் கிடையாது, அவளுக்குப் பத்தாம் நம்பர்.

வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் தென்காசியிலிருந்து சுரண்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே மகனை விட்டு விசாரித்து வைத்திருக்கிறாள்.